அம்மாவின் வலி எத்தனை அணா?

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பத்து நாளைக்கு முன்பு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாராசிட்டமால் 650 நான்கு வேளை, வலி தாங்க முடியாவிட்டால் மட்டும் டிராமடால் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது கேட்டாலும் "பரவாயில்லைம்மா, பொறுத்துக்கிறேன்" என்பார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முனகல் கேட்கிறது. பிசியோதெரபி செய்ய ஆள் வந்தாலே முகம் மாறிவிடுகிறது, காலை மடக்கவே விடுவதில்லை. தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிப்பதில்லை. வலி மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும், பழகிவிடும் என்று தம்பி சொல்வதால் மாத்திரையையும் தள்ளிப்போடுகிறார். சித்தப்பா மெடிக்கலில் கேட்டு வாங்கித் தந்த அசெக்லோஃபெனாக் மாத்திரையை இரண்டு தடவை போட்டார், அதற்கு வலி நன்றாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் "ஆபரேஷன்னா வலிக்கத்தானே செய்யும்" என்று சொன்னதிலிருந்து அம்மா யாரிடமும் வலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. எவ்வளவு வலி இயல்பு? மாத்திரை கொடுக்கலாமா, கூடாதா? வலிக்க வலிக்கக் காலை மடக்கத்தான் வேண்டுமா?

திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை, டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டைப் புரட்டுகிற பழக்கத்தில். அப்போதுதான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் கண் நின்றது: "தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிப்பதில்லை." ஏன் என்று அம்மாவிடம் கேட்டீர்களா? அனேகமாக இதுதான் காரணமாக இருக்கும். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போக வேண்டுமென்றால் கட்டிலைவிட்டு எழ வேண்டும், வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். அவ்வளவும் வலி. அதனால் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுகிறார். வாய் பரவாயில்லை என்கிறது, டம்ளர் வேறு கதை சொல்கிறது.

அறுவை சிகிச்சை வார்டில் 26 வருடம் வேலை பார்த்துவிட்டேன். வலியை வாய்விட்டுச் சொல்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. கத்துகிறவர்களுக்கு ஊசி தானாக வந்துவிடும். சத்தமில்லாமல் படுத்திருக்கிறவர்கள்தான் கவலை. அதிலும் நம் ஊர் அம்மாக்கள் இருக்கிறார்களே, பிரசவ வலியையே பல்லைக் கடித்துத் தாங்கியவர்கள், மகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைப்பவர்கள், மாத்திரைக்கு ஆகும் செலவையும் மனதுக்குள் கணக்குப் போடுபவர்கள். அவர்களிடம் "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். "சாப்டீங்களா?" என்றால் "ஆச்சு" என்பது மாதிரி.

அந்த நர்ஸ் சொன்னதற்கு அவர் சார்பில் நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். நாற்பது கட்டில் வார்டில் ராத்திரி டியூட்டிக்கு ஒற்றை ஆளாக நின்றவள் நான். அலுப்பில் வாயிலிருந்து இப்படி விழுந்துவிடும், எனக்கும் விழுந்திருக்கும். ஆனாலும் அது தப்பு. வலிக்கத்தான் செய்யும் என்பது தெரிந்துதானே எங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? மார்கோ மெக்கேஃப்ரி என்று அமெரிக்காவில் ஒரு செவிலியர். அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது என்று 1968இல் எழுதினார். இன்றும் நர்சிங் வகுப்பில் வலி பற்றிய பாடம் அங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவு வலிக்கக்கூடாதே என்று பக்கத்தில் நிற்பவர் சொல்ல அதில் இடமே இல்லை. சரி, அனுபவிப்பவர் சொல்லவே மாட்டேன் என்றால் என்ன செய்வது? உங்கள் சிக்கல் அதுதான்.

வலியை அளக்க ஆஸ்பத்திரியில் ஒரு கணக்கு உண்டு. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எத்தனை என்று கேட்போம். படித்தவர்களுக்குச் சரிப்பட்டு வரும். கிராமத்துப் பாட்டி ஒருவரிடம் கேட்டேன், "பத்துக்குப் பத்து சிஸ்டர், நல்லா பாத்துக்கிறீங்க" என்று எனக்கு மார்க் போட்டார். இன்னொரு அம்மா, "நீங்களே பாத்துப் போட்டுக்கங்க" என்றார். அதற்கப்புறம் வயதானவர்களிடம் நான் எண்ணை விட்டுவிட்டு அணாவுக்கு வந்துவிட்டேன். "ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி இருந்த வலி முழு ரூபாய்னா, இப்ப எவ்வளவு இருக்கு? நாலணாவா, எட்டணாவா, முக்கால் ரூபாயா?" இதற்கு யோசிக்காமல் பதில் வரும். "நேத்து எட்டணா, இன்னைக்கு அதுக்கு மேல இருக்கு சிஸ்டர்" என்று கணக்காகச் சொல்வார்கள். உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். நாலணா என்றால் பொறுக்கக்கூடியது. எட்டணாவைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். படுத்திருக்கிறவரிடம் கேட்டால் குறைவாகத்தான் சொல்வார், ஏனென்றால் அசையாமல் இருப்பதற்கான வழியை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கட்டிலிலிருந்து எழும்போது, நாலு அடி நடந்தபின், காலை மடக்கும்போது கேளுங்கள். அப்போது முகத்தையும் பாருங்கள். புருவம் சுருங்குகிறதா, உதட்டைக் கடிக்கிறாரா, வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுக்கின்றனவா, மூச்சை அடக்கிக்கொள்கிறாரா. "பரவாயில்லை" என்ற சொல்லும் இந்த முகமும் ஒத்துப்போகவில்லை என்றால் முகத்தை நம்புங்கள்.

அடுத்து, எப்படிப்பட்ட வலி என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் தமிழில் கேட்கிற எனக்கு ஒரு வசதி இருக்கிறது. எத்தனை வார்த்தை! கடுப்பு, குடைச்சல், குத்தல், எரிச்சல், உளைச்சல், சுளீர், விண்விண், இழுத்துப் பிடிக்குது, பாரமா இருக்கு, மதமதன்னு இருக்கு. ஒவ்வொன்றும் எனக்கு ஒவ்வொரு பக்கம் விரல் காட்டும். கால் முழுக்கக் கடுக்குது என்றால் பயிற்சி செய்த தசை. உள்ளே எலும்பு குடையுது என்றால் வெட்டிப் பொருத்திய இடம் ஆறிக்கொண்டிருக்கிறது, ராத்திரியில் கூடும். ஷாக் அடிச்ச மாதிரி சுளீர் என்கிறது, துணி பட்டாலே எரியுது என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம், அதற்கு மருந்தே வேறு, டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். இறுக்கிப் பிடிக்குது என்றால் முதலில் கட்டைப் பாருங்கள், வீக்கம் கூடிக் கட்டு இறுகியிருக்கலாம். தையலுக்கு வெளிப்பக்கம் தொட்டால் மரத்தாற்போல் மதமதப்பாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம், தோலுக்குப் போகிற சின்ன நரம்பு அந்த இடத்தில் வெட்டுப்படுவதால் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். குறைந்து வந்த வலி திடீரென்று விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்து, அந்த இடம் சிவந்து சூடாகவும் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். கிருமி தொற்றியிருக்கலாம்.

முனகுகிறார் என்றாலே வெட்டிய இடத்தில்தான் வலி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் ராத்திரி பத்து மணிக்கு மேல் புரண்டுகொண்டே இருந்தார். "வலிக்குது, வலிக்குது" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. இன்னொரு ஊசிக்கு டாக்டரைக் கூப்பிடலாம் என்று நான் போனை எடுத்தேன். சீனியர் சிஸ்டர் ஒருவர் வந்தார், போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தார், "காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனாரா?" என்று கேட்டார். போகவில்லை. முதுகில் போட்ட மயக்க ஊசியால் மூத்திரப்பை மரத்துப்போய், நிரம்பிக் கல் மாதிரி இருந்தது. குழாய் போட்டதும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வந்தது. பத்து நிமிடத்தில் அவர் குறட்டை விட்டார். அன்றிலிருந்து வலி என்று யார் சொன்னாலும் ஊசியை எடுப்பதற்கு முன் கட்டு, டிரிப்ஸ் ஏறும் கை, அடிவயிறு, முதுகுப் பக்கம், படுத்திருக்கும் கோணம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவேன். உங்கள் அம்மாவுக்கும் பாருங்கள். கடைசியாக எப்போது மலம் போனார்? குதிகால் படுக்கையில் உரசிச் சிவந்திருக்கிறதா? சர்க்கரை உள்ளவர், அந்தப் புண் வந்தால் மூட்டைவிடப் பெரிய தொல்லை.

எவ்வளவு இயல்பு என்று கேட்டீர்கள். மூட்டு மாற்று, அதிகம் வலிக்கிற அறுவை சிகிச்சைகளில் ஒன்று. முதல் இரண்டு மூன்று வாரம் கடினம்தான். வீட்டுக்கு வந்தபின் வலி கூடியதுபோல் தோன்றுவதும் சகஜம். ஆஸ்பத்திரியில் நரம்புக்குப் பக்கத்தில் கொடுத்த மரப்பு ஊசி, டிரிப்ஸில் போன மருந்து எல்லாம் நின்றுபோய், அதே சமயம் நடையும் பயிற்சியும் கூடுகின்றன அல்லவா. வீக்கமும் லேசான சூடும் சில மாதம்கூட இருக்கும். நான் பார்ப்பது போக்கை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், ஆனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு படியாவது இறங்கியிருக்க வேண்டும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். வீட்டில் நடக்கிற சண்டையே இதில்தானே.

பாராசிட்டமாலை நான்கு வேளை என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நான்கு வேளை என்று பொருள். உங்கள் அம்மா தாங்க முடியாதபோது மட்டும் போடுகிறார். மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வலி உச்சிக்கு ஏறியிருக்கும், ஏறிய வலியை இறக்க ஒரு மாத்திரை போதாது. அப்புறம் "இந்த மாத்திரை கேக்கவே இல்லை" என்று இன்னொன்றைத் தேடுவார்கள். கொதித்து வழிந்த பாலைத் துடைப்பதைவிட, பொங்கும்போதே அடுப்பைத் தணிப்பது சுலபம். காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு படுக்கும்போது 11 அல்லது 12 என்று கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். இரவு இரண்டு மணி முனகலுக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை நடுராத்திரிக்கு மேல் எப்படித் தாங்கும்?

650 மில்லிகிராம் நான்கு வேளை என்றால் ஒரு நாளைக்கு 2,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கான உச்ச வரம்பு 4,000. அதனால் டாக்டர் எழுதிய அளவு பாதுகாப்பானதுதான். எடை 50 கிலோவுக்குக் குறைவாகவோ கல்லீரல் கோளாறோ இருந்தால் மட்டும் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் அடிபடுவது கல்லீரல். கிட்னிக்குக் கெடுதல் என்று தம்பி கேள்விப்பட்டது வேறு கூட்டத்தைப் பற்றி.

அந்தக் கூட்டத்தில் ஒன்றைத்தான் சித்தப்பா வாங்கி வந்திருக்கிறார். வேடிக்கையைப் பாருங்கள், கிட்னிக்குப் பயந்து பாராசிட்டமாலைத் தள்ளி வைத்துவிட்டு, கிட்னியைப் பாதிக்கக்கூடிய மாத்திரையை இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள்! டைக்ளோஃபெனாக், அசெக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். வலிக்கும் வீக்கத்துக்கும் நன்றாகவே கேட்கும், அதில் சந்தேகமில்லை. ரத்தப் பரிசோதனை பார்த்து, சிலருக்குச் சில நாட்களுக்கு டாக்டர்களே எழுதுவார்கள். உங்கள் அம்மாவுக்கு எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கலாம். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர், தண்ணீர் வேறு குடிப்பதில்லை. பிரஷர் மாத்திரைகளில் டெல்மிசார்டன் போன்ற ஒன்றும், நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்றும் இருந்தால், அவற்றோடு இதுவும் சேரும்போது கிட்னிக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. மூட்டு மாற்றுக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பது வழக்கம், அதோடு இது சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்தும் கூடும். இன்னொரு கண்ணி: அசெக்லோஃபெனாக் அட்டையைத் திருப்பிப் படியுங்கள், பல நேரம் அதிலேயே 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். சளிக்கு வாங்கும் மாத்திரையிலும் அப்படியே. பேர் வேறு வேறாக இருக்க, ஒரே மருந்து இரண்டு மடங்காக உள்ளே போய்விடும். எனவே அந்த அட்டையை இன்றே எடுத்து வையுங்கள். இரண்டு மாத்திரையால் ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சித்தப்பாவைக் கோபிக்காதீர்கள், அந்த வீட்டில் அம்மாவின் வலியை முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான் போலிருக்கிறது.

டிராமடால் பழகிவிடுமா? அபின் போல வேலை செய்யும் வலி மருந்து அது, பழகக்கூடிய வகைதான், 2018இலிருந்து அது போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. சீட்டில்லாமல் வாங்குவதும், மாதக்கணக்கில் போடுவதும் தவறு. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்கள், டாக்டர் சொன்ன அளவில், குறைந்துகொண்டே வருகிற வலிக்குப் போடுகிறவர் அடிமையாகிவிடுவது அரிது. அமெரிக்காவில் இந்த வகை மாத்திரைகளை அள்ளி எழுதிக் கொடுத்துப் பெரிய சீரழிவு வந்தது உண்மை. நம் நாட்டுக் கதை தலைகீழ். சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இது, ஆனால் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்குக்கூட, அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் கிடைக்காமல் இருந்து, 2014இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. நம் ஆட்கள் மாத்திரையால் கெட்டதைவிட மாத்திரை கிடைக்காமல் துடித்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டிராமடால் கொடுத்தால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். தலை சுற்றும், குமட்டும், அதனால் மாத்திரை போட்ட பின் தனியாகப் பாத்ரூமுக்கு அனுப்பாதீர்கள், புது மூட்டோடு விழுந்தால் எல்லாம் வீண். மலச்சிக்கல் வரும், முதல் நாளே மலமிளக்கி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் தூக்கம். இயல்பான தூக்கம் என்றால் தொட்டால் விழிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது, எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது என்றால் அடுத்த மாத்திரை கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்த வரலாறு இருந்தாலோ மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலோ டிராமடால் தொடுவதற்கு முன் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

காலை மடக்குவது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. மடக்கத்தான் வேண்டும். ஆறுகிற மூட்டைச் சும்மா விட்டால் உள்ளே தழும்பு படர்ந்து இறுகிவிடும், பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலை வரும். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 90 டிகிரி மடக்க வேண்டும் என்று பெரும்பாலும் குறி வைப்பார்கள், நாற்காலியில் இயல்பாக உட்காரும் அளவு அது. அதைவிட முக்கியம், காலை முழுக்க நேராக நீட்ட முடிவது. ஆனால் வலியோடு மடக்க வேண்டும் என்று யார் சொன்னது? பிசியோதெரபி நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் அந்த வேளை பாராசிட்டமால் போய்ச் சேர்ந்திருக்கட்டும். அவர் மாலை ஐந்துக்கு வருகிறார் என்றால் ஆறு மணி மாத்திரையை நாலேகாலுக்கு நகர்த்துங்கள், மற்ற வேளைகளையும் அதற்கேற்பத் தள்ளி வையுங்கள், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம் இருந்தால் போதும், ஒரு நாளைக்கு நான்கு வேளையைத் தாண்டக்கூடாது. பயிற்சி முடிந்ததும் ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் மூட்டைச் சுற்றி வையுங்கள். சர்க்கரைக்காரர் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்கள், மரத்த இடத்தில் வைக்க வேண்டாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதற்குப் பதில், பத்துப் பத்து நிமிடமாக நாலைந்து தடவை செய்யலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். "நான் நிறுத்துன்னா நிறுத்திடணும்" என்ற உரிமையை அம்மாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். கடிவாளம் தன் கையில் இருந்தால் உடம்பு இறுகாது, இரண்டாம் நாளே நாலு டிகிரி கூட மடங்கும்.

தலையணை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து வீட்டில் ஒன்பதில் இதைத் தப்பாகச் செய்கிறார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கின வாக்கிலேயே இறுகிப்போகும். குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வைத்து, முழங்கால் நேராக, இதயத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி வையுங்கள். வீக்கம் வடிய வடிய வலியும் வடியும். ராத்திரியில் நன்றாகத் தூங்கியவருக்கு மறுநாள் அதே வலி குறைவாகத்தான் தெரியும், அதனால் பகலில் வருகிற விருந்தாளிகளைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவைப்பதும் நர்சிங் வேலைதான். தண்ணீருக்கு வழி: கட்டில் பக்கத்திலேயே கம்மோடு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். தூரம் குறைந்தால் தானாகக் குடிப்பார். தாழ்வான இந்திய டாய்லெட் கூடவே கூடாது.

நல்லெண்ணெய், தைலம் எதுவும் தையல் பக்கம் வரவேண்டாம். வெந்நீர்ப் பையும் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோன சர்க்கரைக்காரக் கால்களைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்காய், புளி, முட்டை எல்லாம் சீழ் வைக்கும் என்று யாராவது சொல்வார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையும் பருப்பும் மீனும் தாராளமாகக் கொடுங்கள். வலி ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது. இந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது? நெஞ்சில் வலி, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 108. கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும், உருவிவிடாதீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், தையலில் சீழோ நீரோ கசிவது, கால் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போவது, ஊன்றிக்கொண்டிருந்த கால் திடீரென்று ஊன்ற முடியாமல் போவது, மலம் கறுப்பாகப் போவது, சிறுநீர் குறைவது, மாத்திரை எல்லாம் சரியாகக் கொடுத்தும் வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது, இவற்றில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். "பயந்துபோய் வந்துட்டாங்க" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரு பழைய நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். நேரம், கொடுத்த மாத்திரை, நடக்கும்போது எத்தனை அணா, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை அணா. வார்டில் நாங்கள் செய்வதும் இவ்வளவுதான், அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுவோம். மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கேட்காத நர்ஸ் பாதி வேலைதான் செய்திருக்கிறார். மூன்று நாள் நோட்டு இருந்தால் டாக்டர் இரண்டு நிமிடத்தில் மருந்தை மாற்றியமைத்துவிடுவார். தையல் பிரிக்க இன்னும் இரண்டு மூன்று நாளில் கூப்பிடுவார்கள், அப்போது நோட்டையும் அந்த அசெக்லோஃபெனாக் அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை மாத்திரையை, மருத்துவமனையில் உங்கள் முறை வருகிற நேரத்துக்கு முக்கால் மணி முன்பு போட்டுவிடுங்கள். காரில் முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்காரவையுங்கள். உள்ளே போனதும் "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்பார், அம்மா "பரவாயில்லை" என்பார். நீங்கள் நோட்டை நீட்டுங்கள்.